பையைப் பிரித்து வேரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொய்யாச் சாகுபடி பற்றிச் சென்ற மாதம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குழி அளவு, இடைவெளி, கவாத்து, பழ ஈ, சந்தை விலை எல்லாம் இருந்தன. கன்றின் வேரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை யாரும் எங்களுக்குச் சொல்லாததால் ஒரு ஏக்கர் கொய்யாவில் பாதிக்கு மேல் பறிகொடுத்தோம்.

நான் பெங்களூரு அல்சூரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். நிலம் திண்டுக்கல் பக்கம். தம்பி பார்த்துக்கொள்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன் 'தைவான் பிங்க்' கொய்யா வைக்கலாம் என்று அவன் சொன்னபோது, கன்று வாங்கும் பொறுப்பை நான் ஏற்றேன். நகருக்கு வெளியே ஒரு நர்சரியில் கன்று 60 ரூபாய் வீதம் 430 கன்றுகள் வாங்கி, ஓசூர் வழியாக லாரியில் அனுப்பினேன். இலை பளபளவென்று இருந்தது, தண்டு திடமாக இருந்தது. செம்மண் நிரப்பிய கறுப்புப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஆண்டு நன்றாகத்தான் வந்தது. இரண்டாம் கோடையில் இலைகள் செம்பு நிறமாயின, ஓரம் கருகியது, நண்பகலில் செடி துவண்டு நின்றது. தண்ணீர் போதவில்லை என்று தம்பி சொட்டுநீரைக் கூட்டினான். பிறகு நுண்ணூட்டம் தெளித்தான். உரக்கடையில் வேரில் ஏதோ புழு என்று சொன்னதற்கு, கடைக்காரர் வேர்ப்புழுவுக்கு மருந்து கொடுத்தார். நம் ஊரில் வேர்ப்புழு என்றால் கடலைக்கும் கரும்புக்கும் வரும் அந்தத் தடித்த வெள்ளைப் புழு. எங்கள் தோட்டத்தில் இருந்ததோ வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நூற்புழு. ஒரு சொல் குழம்பியதில் ஒரு பருவமும் சில ஆயிரங்களும் போயின.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, களையெடுக்க வந்த அக்கா ஒருவர் காய்ந்த மரம் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, வேர் இஞ்சிக்கிழங்கு போல் இருக்கிறதே என்று கூப்பிட்டார். தொட்டிக் கல்லில் வைத்துக் கழுவிப் பார்த்தேன். சல்லி வேரே இல்லை. விரல் பருமனுக்கு முண்டும் முடிச்சுமாக ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. நிலக்கடலை வேரிலும் முடிச்சு உண்டு, ஆனால் அது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், நன்மை செய்யும். இது உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது. பிளேடால் கீறியபோது உள்ளே கடுகைவிடச் சிறிய வெண்முத்துப் புள்ளிகள் தெரிந்தன. அவைதாம் பெண் புழுக்கள் என்று பிறகு ஆய்வகத்தில் சொன்னார்கள். வேரின் மேல் பழுப்புப் பசைத்துளி போல ஒட்டியிருந்தது முட்டைத் திரள். ஒரு பெண் புழு 300 முதல் 500 முட்டைகள் இடும். சூடான மண்ணில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். புழு துளைத்த வேரில் வாடல் நோய்ப் பூஞ்சையும் புகுந்துகொள்ளும். மரம் திடீரென்று காய்வது அதனால்தான்.

நர்சரியில் கேட்டபோது, இங்கிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது, புழு உங்கள் மண்ணில் இருந்திருக்கும் என்றார்கள். அதை நான் ஏற்கவில்லை. பட்டுப்போகும் கன்றுகளுக்கு மாற்றாக வைத்திருந்த ஆறு கன்றுகள் மோட்டார் அறையின் சிமெண்டுத் தரையில் பையோடே நின்றிருந்தன. எங்கள் மண்ணை அவை தொட்டதே இல்லை. ஒன்றைப் பிரித்தேன். பை ஓரமாகச் சுருண்டிருந்த வேர் முழுக்க முடிச்சு.

ஆய்வகத்தில் கண்டறிந்த இனத்தின் பெயர் மெலாய்டோகைன் என்டரோலோபி. சாதாரண வேர் முடிச்சு நூற்புழுவைவிட இது பொல்லாதது. தக்காளியில் வேர் முடிச்சைத் தாங்கும் மரபணு ஒன்றைப் பல வீரிய ரகங்களில் சேர்த்திருக்கிறார்கள். மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அதன் காவல் தளரும். இந்த இனமோ அந்தக் காவலைப் பொருட்படுத்துவதே இல்லை. இங்கிருந்து கோலார் தக்காளிக் காடுகள் எவ்வளவு பக்கம் என்று நினைக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

இனி நாங்கள் செய்தவை. முடிச்சு விழுந்த மரங்களை வேரோடு எடுத்து எரித்தோம். பிடுங்கிய வேரை வரப்பில் போட்டு வைப்பது புழுவை அடுத்த வயலுக்கு அனுப்புவதாகும். மண்வெட்டி, கலப்பை எல்லாவற்றையும் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குள் கொண்டுபோனோம். மர இடைவெளியில் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்ததை நிறுத்தினோம். அவையும் அந்தப் புழுவுக்குச் சோறுதானே. அந்த இடத்தில் செண்டுமல்லி நட்டோம். அதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனில் நூற்புழுவுக்கு நஞ்சு. பூ நிலக்கோட்டைச் சந்தைக்குப் போனது, கூலியாவது தேறியது. ஒவ்வொரு மரத்தடியிலும் வேப்பம் புண்ணாக்கு போட்டோம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவரும் முறைப்படி, ஒரு டன் மக்கிய தொழுவுரத்துக்கு 2 கிலோ வீதம் பர்ப்பூரியோசிலியம் என்ற பூஞ்சையைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 15 நாள் மூடிவைத்துப் பிறகு வேர்ப்பகுதியில் இட்டோம். இந்தப் பூஞ்சை புழுவின் முட்டையைத் தின்று அழிக்கும். கடைகளில் இன்னும் பேசிலோமைசிஸ் என்ற பழைய பெயரில் கேட்டால்தான் தெரிகிறது.

குருணை மருந்து போட்டால் ஒரே வாரத்தில் தீரும் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி அள்ளித் தூவிய மருந்துகளில் ஒன்றான போரேட் 2020 டிசம்பர் 31-உடன் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. நஞ்சு எதுவானாலும் பசைத் திரளுக்குள் இருக்கும் முட்டைகளில் ஒரு பங்கு தப்பிவிடும், மருந்தின் வீரியம் குறைந்ததும் பழையபடி பெருகும். பறித்து அப்படியே கடித்துத் தின்னும் பழத்துக்கு அடியில் அதைக் கொட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு நிற்பவை 190 மரங்கள். புழு இன்னும் மண்ணில் இருக்கிறது, இருக்கும். அடக்கி வைக்கலாமே தவிர, வந்த பின் அடியோடு ஒழிக்க முடியாது. ஆகவே வராமல் தடுக்கும் இடம் நர்சரி ஒன்றுதான்.

அது செய்ய முடியாத காரியமும் அல்ல. பை நிரப்பும் மண்ணை ஏப்ரல், மே வெயிலில் நனைத்துப் பரப்பி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் நான்கிலிருந்து ஆறு வாரம் மூடிவைத்தால் புழுவில் பெரும்பகுதி வெந்துபோகும். செம்மண்ணுக்குப் பதில் மக்கிய தென்னைநார்க் கழிவில் கன்று வளர்க்கலாம். கன்றுகளைத் தரையில் வைக்காமல் மேடையில் வைக்கலாம். தேசியத் தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்கு அங்கீகாரம் தருகிறது. எந்த நர்சரியிலும் நூற்புழுச் சோதனைச் சீட்டு இல்லாமல் ஒரு கொய்யாக் கன்றும் வெளியே போகக் கூடாது என்று கர்நாடகம், தமிழ்நாடு இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து ஆணையிட வேண்டும்.

முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1961-இல் ஊட்டியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் பிறகு நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகமும் வந்தது. கிழங்குக்கு வேலி போட்ட நாட்டில் கொய்யாக் கன்று கேட்பாரற்று லாரி ஏறுகிறது.

மாடித்தோட்டக்காரர்களுக்கும் ஒரு சொல். எங்கள் தெருவில் ஒரு மாடியில் கத்தரிச் செடி குன்றிப்போக, அந்தப் பையின் மண்ணைக் கொட்டி வேறு மூன்று வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது பழைய வேர் மண்ணுக்குள்ளேயே கிடந்தது, முடிச்சோடு.

ஐயா, உங்கள் இதழை எங்கள் ஊரில் பலர் படிக்கிறார்கள். கொய்யாக் கட்டுரையின் தொடர்ச்சியாக, நல்ல வேர், கெட்ட வேர் இரண்டின் படத்தையும் அருகருகே அச்சிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கன்று வாங்கப் போகலாம். வரும் ஆடியில் எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் கன்று வாங்கப் பெங்களூரு வருகிறார்கள். அவர்களோடு நானும் போகிறேன். நூறு கன்றுக்குப் பத்தையாவது பிரித்து, கழுவி, வேரைப் பார்த்த பிறகே பணம் கொடுப்போம் என்று நர்சரிக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.