பெற்றோருக்கு டிக்கெட் போட்டுத் தரும் டிராவல் ஏஜென்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் டிராவல்ஸ் நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

மகளுக்குப் பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்று வெளிநாடு கிளம்பும் வயதானவர்கள் இன்றும் உங்களை நம்பித்தான் வருகிறார்கள். தேதி, விலை, பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறீர்கள். சீட் பற்றிக் கேட்டால் மட்டும், "ஏர்போர்ட் கவுண்டர்ல கேளுங்க சார், மாத்திக் குடுப்பாங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். தயவுசெய்து இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

கவுண்டர் ஊழியரிடம் கொடுப்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிச்சமிருக்காது. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றில் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்பே ஆன்லைன் செக்-இன் திறந்துவிடுகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் 24 மணி நேரம். கையில் ஆப் வைத்திருப்பவர்கள் நடைபாதை ஓர சீட்டுகளை அப்போதே எடுத்துவிடுகிறார்கள். விமான நிலையத்துக்கு வந்து வரிசையில் நிற்கும் பெரியவர்களுக்கு நடு சீட்தான் வாய்க்கிறது, அதுவும் ஆளுக்கொரு மூலையில்.

என் பெற்றோருக்கும் அதுதான் நடந்தது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட அம்மா நான்கு சீட் வரிசையின் நடுவில். அப்பா பல வரிசை பின்னால். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பச் சங்கடப்பட்டு, பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று பயந்து, அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. சக்கர நாற்காலியில் வெறுங்காலோடு வெளியே வந்தார். டிக்கெட் போட்ட ஏஜென்ட் நல்ல மனிதர்தான். சீட்டைப் பற்றி யோசிப்பது தன் வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதை வெறும் சொகுசு விஷயமாக நினைக்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-லேயே சொன்னது. மொத்தத்தில் அது சிறிய அபாயம்தான், ஆறாயிரம் பேரில் ஒருவர் அளவுக்கு. ஆனால் வயதும் அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சையும் அதைக் கூட்டக்கூடியவை. எழுந்து நடக்க வசதியான சீட் அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

டிக்கெட் போடும்போதே கொஞ்சம் மெனக்கெட்டால் போதும். 'லைட்', 'சேவர்' என்ற பெயர்களில் வரும் மலிவுக் கட்டணங்களில் சீட்டை முன்கூட்டி எடுக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த படியில் உள்ள கட்டணத்தில் பல நிறுவனங்கள் சாதாரண சீட்டை இலவசமாகவே தருகின்றன. இரண்டு விலையையும் எடுத்துச் சொல்லுங்கள், எது வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்யட்டும்.

எந்த விமானம் என்றும் பாருங்கள். எமிரேட்ஸின் போயிங் 777-இல் எகானமி வகுப்பு 3-4-3, அதாவது ஒரு வரிசையில் மூன்று, நான்கு, மூன்று சீட்டுகள், இடையிடையே நடைபாதை; இடது மூன்று ஏ, பி, சி, நடு நான்கு டி-யில் தொடங்கும். அதில் தம்பதிக்கு டி, இ சீட்டுகளைப் போட்டால் ஒருவர் நடைபாதை ஓரம், இன்னொருவர் எழுந்திருக்கத் தன் துணையை மட்டும் எழுப்பினால் போதும். இருவருக்குமே ஓரம் வேண்டுமென்றால் சி, டி. நடுவில் நடைபாதை மட்டும்தான் இருக்கும். கொழும்பு வழியாக லண்டன் போகும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் ஏ330 விமானங்களில் 2-4-2. ஜன்னல் பக்கத்து இரண்டு சீட்டுகள் வயதான தம்பதிக்கென்றே செய்தாற்போல இருக்கும்.

"முன் சீட்டு குடுங்க, கால் நீட்டிக்கலாம்" என்று கேட்பார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய அந்த வரிசையில் கைப்பிடி மேலே மடங்காது, மருந்துப் பையைக் காலடியில் வைக்க முடியாது, கைக்குழந்தைத் தொட்டிலும் அங்கேதான் மாட்டுவார்கள். அவசர வழி வரிசையைச் சக்கர நாற்காலி கேட்டவருக்குத் தரவே மாட்டார்கள். கழிப்பறைக்குச் சில வரிசை முன்னால் உள்ள ஓர சீட்டே நல்லது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் யார்?

இன்னொன்று உங்களில் பலர் வழக்கமாகவே செய்வது. புக்கிங்கில் பயணியின் செல்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாக உங்களுடையதைப் போடுகிறீர்கள். செக்-இன் திறந்தது, விமானம் மாறியது என்ற தகவலெல்லாம் உங்கள் இன்பாக்ஸில் போய்க் கிடக்கிறது. விமானம் மாறும்போது ஏற்கெனவே எடுத்த சீட் காணாமல் போவதும் உண்டு. பயணிக்கு அது தெரியவே வராது. உங்கள் சிஸ்டத்தில் வரும் பிஎன்ஆர் (புக்கிங்கின் அடையாளக் குறியீடு) வேறு, விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால், வெளிநாட்டிலிருந்து உதவ நினைக்கும் பிள்ளையால் புக்கிங்கைத் திறக்கக்கூட முடியாது.

அப்கிரேடு கதையும் இதிலேயே அடங்கும். "சிரிச்சுக் கேட்டா பிசினஸ் கிளாஸ்ல போட்டுடுவாங்க" என்ற நம்பிக்கையை வளர்க்காதீர்கள். எகானமி நிரம்பி வழிந்து சிலரை மேலே அனுப்ப வேண்டி வந்தால், அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களும் அதிகக் கட்டணம் கொடுத்தவர்களும்தான் பொதுவாக முதலில் போவார்கள். சாதாரணப் பயணிக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது, லுஃப்தான்சா, எதிஹாட் போன்றவை மின்னஞ்சலில் அனுப்பும் ஏல அழைப்பு: இவ்வளவு தருகிறேன் என்று நாமே தொகை சொல்லலாம். அந்த அழைப்பும் உங்கள் முகவரிக்கு வந்து யாரும் பார்க்காமல் காலாவதியாகிறது.

எதிர்த்திசையில் நடப்பதையும் சொல்லி வையுங்கள். உயர் வகுப்புக்குப் பணம் கட்டியவரை அவர் விருப்பமில்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், இந்திய விமான நிறுவனங்கள் வரியுடன் சேர்ந்த டிக்கெட் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ளது. உள்நாட்டில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கி.மீ. வரை 30, 3,500 கி.மீ. வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம்.

இத்தனைக்கும் உங்களுக்கு நேரம் ஆகும், நேரத்துக்குக் காசு உண்டு. சீட் எடுத்துத் தருவதற்கும் விமானம் மாறினால் மறுபடி பார்த்துச் சொல்வதற்கும் தனிச் சேவைக் கட்டணம் கேளுங்கள். பில்லில் தனி வரியாகவே போடுங்கள். எங்களைப் போன்ற பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கொடுப்போம்.

இப்படிக்கு,
கடல் தாண்டி இருக்கும் ஒரு மகன்