ஸ்லோ குக்கர் கையேட்டில் உள்ள பழக் காப்ளர் செய்முறை குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மேக்கன், ஜார்ஜியா மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஸ்லோ குக்கர் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 12.8.2024

பொருள்: 6 குவார்ட் ஸ்லோ குக்கருடன் வழங்கப்படும் கையேட்டின் ‘எளிய பழக் காப்ளர்’ செய்முறையைத் திருத்தவும், அட்டைப்பெட்டியில் உள்ள படத்தை மாற்றவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். வாடிக்கையாளர்கள் தத்தம் மொழியில் எழுதலாம் என்று தங்கள் சேவைப் பிரிவு அறிவித்திருப்பதால் இக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். தங்கள் நிறுவனத்தின் 6 குவார்ட், அதாவது சுமார் 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள, மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரமான ஸ்லோ குக்கரைக் கடந்த மே மாதம் வாங்கினேன். பருப்பு வேகவைக்கவும் கோழிக் குழம்பு வைக்கவும் அதை வாரம் இருமுறையேனும் பயன்படுத்துகிறேன். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் அதனுடன் வந்த கையேட்டைப் பற்றியது. காப்ளர் என்பது பழத்தோடு மாவைச் சேர்த்துச் சுடும் இனிப்பு. அதில் உள்ள ‘எளிய பழக் காப்ளர்’ செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் காப்ளர் வராது என்பதை மூன்று முறை செய்துபார்த்த பிறகே எழுதுகிறேன்.

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று எங்கள் தெருவினர் ஒன்றுகூடி உண்ணும் விருந்துக்கு இனிப்பு கொண்டுவருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஜார்ஜியாவில் அந்த நாளுக்கு இனிப்பு என்றால் பீச் காப்ளர்தான். அதிலும் 2023-ஆம் ஆண்டில் குளிர்காலம் போதிய குளிரில்லாமல் கழிந்து, மரங்கள் முன்கூட்டியே பூத்து, பிறகு மார்ச் மாதத்தில் உறைபனி விழுந்ததால் இந்த மாநிலத்தின் பீச் விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோனதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஓராண்டு காத்திருந்து கைக்கு வந்த பழம் என்பதால், ஃபோர்ட் வேலி வரை சென்று, கொட்டையில் ஒட்டாமல் சதை எளிதில் விடுபடும் வகையைப் பார்த்து வாங்கிவந்தேன். ஜூலை வெயிலில் ஓவனை மூட்டி வீட்டை இன்னும் சூடாக்க வேண்டாம் என்பதும், தங்கள் அட்டைப்பெட்டியின் மீது பொன்னிறமாகப் பொரிந்து நிற்கும் காப்ளர் படத்தை நம்பியதுமே நான் ஸ்லோ குக்கரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள்.

கையேட்டில் உள்ளபடி 6 கப் பீச் துண்டுகளை முக்கால் கப் சர்க்கரையோடும் 2 மேசைக்கரண்டி சோளமாவோடும் கலந்து அடியில் பரப்பினேன். ஒன்றரை கப் செல்ஃப் ரைசிங் மாவை (பேக்கிங் பவுடர் கலந்தே விற்கப்படும் மாவு) ஒரு கப் பாலிலும் அரை கப் உருக்கிய வெண்ணெயிலும் கரைத்து அதன்மேல் ஊற்றினேன். “மூடி வைத்து ‘லோ’வில் 4 மணி நேரம் அல்லது ‘ஹை’யில் 2 மணி நேரம் விடவும், இடையில் திறக்க வேண்டாம்” என்று இருந்ததால், ‘லோ’வில் வைத்து நான்கு மணி நேரம் மூடியைத் தொடவே இல்லை. திறந்தபோது மூடியின் உட்புறத்தில் கோத்திருந்த நீர் மழைபோல் மாவின் மேல் கொட்டியது. நடுப்பகுதி வெளுத்துப் பசைபோல் கொழகொழவென்று இருந்தது. பாத்திரத்தின் ஓரங்களிலோ மாவு கருகி ஒட்டியிருந்தது. அதையே எடுத்துச் செல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அடியில் இருந்த பழத்தை மட்டும் உண்டுவிட்டு மாவைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தார். என் மனம் நோகக்கூடாது என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

குறை என் கையில்தானோ என்று எண்ணி, அடுத்த வாரம் அதே அளவுகளில், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துப் பார்த்தேன். ஓரங்கள் மேலும் கருகின; நடுப்பகுதி மாறவில்லை. சமையல் வெப்பமானியைச் செருகியபோது ஓரத்தில் 205 டிகிரி ஃபாரன்ஹீட்டும் நடுவில் 181 டிகிரியும் காட்டியது. மாவு வெந்து கட்டுக்குள் வர நடுவிலும் ஏறத்தாழ 200 டிகிரி தேவை. தங்கள் குக்கரில் வெப்பம் பக்கச் சுவர்களிலிருந்து வருகிறது, மேலிருந்து வருவதில்லை. பழத்திலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றி மூடியில் குளிர்ந்து, மறுபடியும் மாவின் மீதே சொட்டிக்கொண்டிருக்கிறது. குழம்புக்கு அந்த நீர் நன்மை. வேக வேண்டிய மாவுக்கு அதுவே கேடு. இட்லிக் கொப்பரையின் மூடியிலிருந்து நீர் சொட்டினால் இட்லியின் மேற்புறம் கெட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இதை முதல் நாளே உணராமல் போனோமே என்ற வருத்தம் உண்டு. எனினும், அந்தப் பாத்திரத்தைச் செய்து விற்பவர்கள் அதை உணராமல் செய்முறை எழுதியது அதைவிடப் பெரிய தவறு என்றே கருதுகிறேன்.

‘லோ’வையும் ‘ஹை’யையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம் என்று கையேடு சொல்வதும் இந்தச் செய்முறைக்குப் பொருந்தாது. நெடுநேரம் வேகும் இறைச்சிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் செல்ஃப் ரைசிங் மாவில் உள்ள பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனே வாயுவை வெளியிடத் தொடங்கிவிடுகிறது. மாவு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால், அது இறுகுவதற்கு முன்பே வாயு வெளியேறிவிடும். பின்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு எழும்பாது.

காப்ளர் பானையில் பிறந்த பண்டம் என்பதால் ஸ்லோ குக்கருக்கு இயல்பாகவே பொருந்தும் என்று கையேட்டின் முன்னுரை சொல்கிறது. முதல் பாதி உண்மை. 1859-இல் வெளிவந்த பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொற்களின் அகராதியிலேயே, காப்ளர் என்பது தடித்த மாவு பரப்பிய பானையில் பழத்தை இட்டுச் சுடப்படுவது என்ற விளக்கம் இருக்கிறது. ஆனால் அந்நாளில் கணப்படுப்பில் வைத்த இரும்புப் பானையின் மூடிமீதும் தணலை அள்ளிப் போட்டார்கள். மேலிருந்து வந்த அந்த உலர்ந்த சூடுதான் மாவைச் சிவக்க வைத்தது. தங்கள் கண்ணாடி மூடியால் அதைச் செய்ய முடியாது. ஈரமான மாவின் மேற்பரப்பு நீர் கொதிக்கும் நிலையைத் தாண்டிச் சூடேறாது. பொன்னிறம் வருவதற்கோ அதைவிட வெகுவாக மிகுந்த, உலர்ந்த வெப்பம் வேண்டும். ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள படம் ஓவனில் சுட்ட காப்ளரின் படமாகத்தான் இருக்க முடியும். அந்தப் படத்தைக் காட்டி ஸ்லோ குக்கரை விற்பது வாங்குவோரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குவதாகும்.

மூன்றாம் முறை, பாத்திரத்தின் விளிம்புக்கும் மூடிக்கும் இடையே தடித்த பருத்தித் துணியை விரித்து, அதன் நுனிகள் சூடான வெளிச்சுவரைத் தொடாதபடி மேலே தூக்கி மூடியின் குமிழில் கட்டினேன். ஓரங்கள் கருகாமலிருக்க உட்புறச் சுவரை அலுமினியத் தாளால் மறைத்து, தொடக்கம் முதலே ‘ஹை’யில் வைத்தேன். கடைசி அரை மணி நேரம் மூடியைச் சற்றே சாய்த்து ஆவியை வெளியேற விட்டேன். இரண்டரை மணி நேரத்தில் நடுப்பகுதி 203 டிகிரியை எட்டியது. மேற்புறம் வெளிர் நிறமாகவே இருந்தாலும் உள்ளே பஞ்சுபோல் வெந்திருந்தது, பழச்சாறும் கெட்டிப்பட்டிருந்தது. இந்தச் சில வரிகள் கையேட்டில் இல்லாததால்தான் ஏறத்தாழ 12 கப் நல்ல பழம் வீணாயிற்று. ஒருவேளை தங்கள் குக்கரில் துணி பயன்படுத்துவது ஆபத்து என்றால், அதையேனும் எச்சரிக்கையாக அச்சிட்டிருக்க வேண்டும்.

ஜூலை 22 அன்று இவற்றைச் சுருக்கமாக மின்னஞ்சலில் தெரிவித்தேன். “பழத்தில் சாறு அதிகமாக இருந்திருக்கலாம், டப்பாவில் அடைத்த பழத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்” என்ற பதிலும், அடுத்த கொள்முதலுக்கு 10 விழுக்காடு தள்ளுபடிச் சீட்டும் வந்தன. டப்பாப் பழம் பாகில் மிதப்பது. பாகை வடித்துவிட்டுச் சேர்க்க வேண்டும் என்ற குறிப்புக்கூட அப்பதிலில் இல்லை. சாறு நிறைந்திருப்பதைப் பீச் பழத்தின் குற்றமாகச் சொல்வதை ஜார்ஜியாவில் வாழும் எவரும் ஏற்கமாட்டார்கள். தள்ளுபடிச் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பாத்திரத்துக்கான பணத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. அந்தச் செய்முறையை இதே மாதிரிக் குக்கரில் தாங்களே செய்துபார்த்துத் திருத்தி, திருத்திய பக்கத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும், இனி அச்சாகும் பெட்டிகளில் அக்குக்கரிலேயே செய்த காப்ளரின் படத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், படத்தைப் பற்றிய புகாரை ஜார்ஜியா மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் அளிப்பேன். மூன்று முறையும் நான் குறித்துவைத்த அளவுகள், நேரங்கள், வெப்பநிலைகள் ஆகியவற்றையும், திறந்தவுடன் எடுத்த நிழற்படங்களையும், வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
மேக்கன்.