மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு

ஈன்று 10 நாள்கூட ஆகாத குட்டிகளைத் தாய்ப்பூனை சீறிக் கடித்து விரட்டியபோது, அதற்குப் பிள்ளைப்பாசமே இல்லையென்று திட்டிக்கொண்டே கூடையோடு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். நான் கேட்காமலேயே நீங்கள் கூடைக்குள் கைவிட்டு, அதன் வயிற்றை மெல்லத் தடவி, ஒரு காம்பைச் சுற்றி மட்டும் கல்லாக இறுகிக் கொதிப்பதைக் காட்டி, “கோபமில்லை தம்பி, வலி” என்றீர்கள்; உங்கள் முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்தீர்கள். மடிவீக்கம் என்றே மருத்துவரும் சொன்னார். பசும்பால் வேண்டாம், பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும், பின்னர் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் அது சிறுநீர் கழிக்கும் என்று மருந்துச்சீட்டின் பின்புறம் நீங்கள் எழுதித் தந்ததை இன்னும் வைத்திருக்கிறேன். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆறாம் நாள் அது தானாகவே குட்டிகளை நக்கத் தொடங்கியது, அம்மா.