வயல் செய்கிற விரலுக்கு எந்தப் பூட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்,

கிளிநொச்சிப் பக்கம் போன் வாங்கப் போனால், "முகத்தைக் காட்டினால் போதும், திறந்துவிடும்" என்றுதான் விற்கிறார்கள். அது எந்த வகை முகப்பூட்டு என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஆப்பிள் 2017இல் கொண்டுவந்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை 30,000க்கு மேல் முகத்தில் பாய்ச்சி மேடுபள்ளத்தை அளக்கிறது. விலை குறைந்த பல போன்களில் இருப்பதோ வெறும் முன்கமரா. சிலவற்றை ஒரு நல்ல படத்தைக் காட்டியே ஏமாற்றலாம்.

சரி, விரல்ரேகை? நல்லதுதான். ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவரின் பெருவிரலைப் பாருங்கள், மண்வெட்டிப் பிடியும் உரமும் சேர்ந்து ரேகையைத் தேய்த்து வைத்திருக்கும், அதன்மேல் சேறும் ஈரமும் என்றால் போன் எங்கே திறக்கப் போகிறது! அதிகம் தேயாத இன்னொரு விரலையும் பதிந்து வைப்பது உதவும்.

தட்டச்சு வேகம், விரல் இழுக்கும் விதம், நடை இவற்றை வைத்து ஆளை அறியும் முறைகளும் உண்டு. அவை சந்தேகம் எழுப்ப உதவும், தனிப் பூட்டாகாது. ஆன்ட்ராய்டில் போன் உடம்போடு இருக்கும்வரை பூட்டாமல் வைக்கும் வசதி, பறித்துக்கொண்டு ஓடுகிறவன் கையிலும் பூட்டாமலே இருக்கக்கூடும்.

எதைப் போட்டாலும் அடியில் இருப்பது இரகசிய இலக்கம்தான். போனை நிறுத்திப் போட்டால் அதைத்தான் கேட்கும். அதற்குப் பிறந்த ஆண்டையா போடுவது? வெளிநாட்டுக் காசு வந்து விழும் வங்கிச் செயலியும் அதற்குள்தானே இருக்கிறது. குறைந்தது ஆறு இலக்கமாவது போடுங்கள். கடைக்காரர்களும் முகப்பூட்டின் வகையை விற்கும்போதே சொல்லட்டும்.

வாசகர் ஒருவர்,
பரந்தன்