கடலில் பெய்த மழை

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கே அள்ளிக் கொடுப்பது பற்றிய கட்டுரை படித்தேன். 2015-இல் ஜான் பால்சன் ஹார்வர்டுக்கு 40 கோடி டாலர் கொடுத்தபோது, அதன் கையிருப்பு ஏற்கெனவே 3,600 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கடலில் பெய்த மழைதான். அங்கே பலர் முகம் சுளித்ததில் தப்பில்லை.

1992-இல் ஹென்றி ரோவன் நியூஜெர்சியில் கிளாஸ்பரோ என்ற, அதிகம் பேர் அறியாத அரசுக் கல்லூரிக்கு 10 கோடி டாலர் கொடுத்தார். இரண்டு இடத்திலும் கொடுத்தவர் பெயரை வைத்தார்கள். ஆனால் கிளாஸ்பரோவில் அதுவரை இல்லாத பொறியியல் படிப்பே வந்தது.

சரி, நாம் மட்டும்? ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டியபோது தமிழக அரசே 10 கோடி ரூபாய் தந்தது. நானும் ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். ரசீது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்