ஓவியத்தின் அளவையும் அச்சிடுங்கள்

ஐயா,

ஐரோப்பிய யதார்த்த ஓவியங்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பேயின் ‘ஓர்னானில் ஒரு நல்லடக்கம்’ ஓவியமும் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பணிப்பெண்’ ஓவியமும் ஒரே அளவில் அருகருகே அச்சாகியிருந்தன. இது சிறு குறையன்று. முன்னது ஏறத்தாழ 3.15 மீட்டர் உயரமும் 6.6 மீட்டர் அகலமும் உடையது; பின்னதோ 45.5 சென்டிமீட்டர் உயரம், 41 சென்டிமீட்டர் அகலம்தான். மன்னர்களுக்கும் புராண நாயகர்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட பெருந்திரையில் சிற்றூர் மக்களை ஆளுயரத்தில் நிறுத்தியதே, 1850–51 பாரிஸ் கண்காட்சியில் எழுந்த எதிர்ப்புக்கு முக்கியக் காரணம். அஞ்சலட்டை அளவில் பார்ப்பவருக்கு அந்தக் கோபம் விளங்காது. எங்கும் நடக்கும் ஓர் இறுதிச் சடங்காகவே தெரியும்.

வகுப்பில் அளவை எண்ணாகச் சொன்னால் மாணவர் மனத்தில் பதிவதில்லை. 6.6 மீட்டருக்குத் தரையில் சாக்பீஸ் கோடிட்டு அவர்களை வரிசையாக நிற்க வைத்து, எதிர்ச் சுவரில் வெர்மீர் அளவுக்கு வெட்டிய அட்டையை ஒட்டினால், ஒன்று கூட்டத்துக்கானது, மற்றது ஒருவர் கிட்டே சென்று பார்ப்பதற்கானது என்பது உடனே புரிந்துவிடுகிறது. எனவே ஓவியம் அச்சாகும் இடமெல்லாம் ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்றவை), உயரம், அகலம் ஆகியவற்றையும், ஓரத்தில் அதே விகிதத்தில் ஒரு மனித உருவக் கோட்டோவியத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பாடநூல் தயாரிப்போரும் இதைப் பின்பற்றலாம்.

– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்