மனுவில் உன் கதை வேண்டாம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய காகிதக் கட்டு வந்து சேர்ந்தது. உன்மேல் மோசடிப் புகார் கொடுத்த பழைய கூட்டாளி செய்த கொடுமைகளை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். அவ்வளவும் நடந்தவை என்று எனக்குத் தெரியும். ஆனால் உயர் நீதிமன்றத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. மனுவில் சேர்க்க மறுத்தார் என்று வக்கீல்மேல் கோபப்படாதே; மனிதர் தொழில் தெரிந்தவர். வக்கீல் குமாஸ்தாவாக நானும் எத்தனையோ மனுக்களைப் பார்த்தவன்தான்.

வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவில், யார் சொல்வது உண்மை என்ற விசாரணை நடக்காது. சாட்சிக் கூண்டே கிடையாது. புகாரிலும் குற்றப்பத்திரிகையிலும் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் தேறுகிறதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். பஜன்லால் வழக்கில் (தீர்ப்பு வந்தது 1990-இல், சட்ட இதழில் வெளியானதை வைத்து வக்கீல்கள் 1992 என்பார்கள்) வழக்கை ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஏழு வகைகளில் முதலாவது இதுதான். பழிவாங்கும் நோக்கம் ஏழாவது. நீயோ கடைசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்.

அவனுடைய புகாரை எடு. இரண்டாம் பக்கத்தின் நடுவில், "தொடக்கத்தில் வட்டியை ஒழுங்காகச் செலுத்தி வந்தவர், தொழிலில் நஷ்டம் என்று கூறிப் பின்னர் நிறுத்திவிட்டார்" என்று இருக்கிறது. கீழே அவனே கையெழுத்தும் போட்டிருக்கிறான். உன் கட்டு முழுவதையும்விட அந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம். மோசடி என்றால் பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வட்டி கட்டி வந்தவன் பிறகு நொடித்துப்போனால் அது கடன் பாக்கி. அதை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. காவல் நிலையம் எதற்கு? மனு இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். வட்டி போனதைக் காட்டும் வங்கிக் கணக்கை இணைத்துவிடு. அவனே ஒப்புக்கொண்டதை அவனால் மறுக்க முடியாது. வாட்ஸ்அப் சண்டைகளை இணைக்காதே. அதற்கெல்லாம் சாட்சி விசாரணை வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வழி செய்யும்.

ரத்து கேட்கும் பிரிவை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி 482 என்று எழுதியிருந்தாய். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவு. எண்தான் மாறியது, அதிகாரம் பழையதுதான். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதே என்றும் கலங்காதே. அதற்குப் பிறகும் ரத்து கேட்கலாம்.

மனு போட்ட அன்றே கீழ் நீதிமன்ற வழக்கு நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்க வேண்டும், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கும் கேட்க வேண்டும். உத்தரவு கைக்கு வரும்வரை வாய்தாவைத் தவறவிட்டுப் பிடிவாரண்டு வாங்கிக்கொள்ளாதே.

சமரசம் பேசலாமே என்கிறாள் அம்மா. இருவருக்கிடையேயான பணத் தகராறில் சமரசத்தை ஏற்று வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் தீர்ப்பே இருக்கிறது. அவன் பக்கத்திலிருந்து ஆள் வந்தால் வக்கீல் மூலம் பேசு. நீயாக அவன் வீட்டுப் படியேறினால் மிரட்டினான் என்று அடுத்த புகார் எழுதுவான்.

மனு தள்ளுபடியானாலும் நீ குற்றவாளி என்றாகிவிடாது. கீழே விடுவிப்பு மனு போடும் வழி இருக்கிறது. வரைவு வந்ததும் கையெழுத்திடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா